கடைசி அறைக் கதவில் இலை

சர்வீஸ் லிஃப்ட் திறந்ததும் அவள் கண் போனது வராந்தாவின் கடைசி அறைக்குத்தான். கதவின் கைப்பிடியில் பச்சை இலை தொங்கிக்கொண்டிருந்தது. தள்ளுவண்டி பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக இருக்க, அவள் அப்படியே நின்றுவிட்டாள். லிஃப்ட் கதவு மூடப்பார்த்து, வண்டியில் இடித்துத் திறந்து, மறுபடி மூடப்பார்த்தது. இலையின் கயிறு கைப்பிடியை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. அப்படிச் சுற்றுகிறவள் அந்த ஓட்டலில் அவள் ஒருத்திதான். லிஃப்ட் திறக்கும்போதெல்லாம் அடிக்கிற காற்றில் இலை கழன்று விழுந்துவிடும் என்று அவளாகக் கண்டுபிடித்த வித்தை அது. தங்க வருகிறவர்கள் சும்மா மாட்டிவிட்டுப் போவார்கள். ஆக, முந்தாநாள் காலையில் அவள் மாட்டிய இலை மாட்டியபடியே இருக்கிறது. அந்த அறைக்காரர் இலையை ஒரு ராத்திரிகூடக் கதவில் விட்டுவைக்கிறவர் இல்லை.

அவளை அங்கே எல்லோரும் மூணாம் மாடி என்றுதான் கூப்பிடுவார்கள். அறை சுத்தம் செய்கிறவர்களுக்கு அந்த ஓட்டலில் பெயர் தங்காது, மாடிதான் பெயர். "ரெண்டாம் மாடிக்கு இடுப்பு வலியாம்" என்று பேசிக்கொள்வதை வெளியாள் யாராவது கேட்டால் கட்டடத்துக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோவார். ஓட்டலுக்கோ பெயருக்கு முன்னால் 'பசுமை' என்று ஒரு பட்டம் உண்டு. பட்டம் வந்த பிறகுதான் இலை வந்தது. கெட்டி அட்டையில் வெட்டி, இரண்டு பக்கமும் பச்சை அடித்து, காம்பில் சணல் கயிறு கட்டிய உள்ளங்கை அகல இலை. அதைக் கதவுக்கு வெளியே மாட்டினால், இன்றைக்கு என் அறையைக் கூட்ட வேண்டாம், விரிப்பு மாற்ற வேண்டாம், துண்டு துவைக்க வேண்டாம், தண்ணீரை மிச்சம் பிடியுங்கள் என்று அர்த்தம். இலை தொங்கும் கதவைத் தட்டக் கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு. இப்படிச் சில நாட்கள் மாட்டினவருக்கு ஓட்டலின் பின்பக்கம் அவர் பெயரில் ஒரு செடி வைப்பார்கள்.

இலையைப் பிடிக்காத விருந்தினர் ஒருவரையும் அவள் பார்த்ததில்லை. அதை மாட்டுகிறவர்களைத்தான் தேட வேண்டியிருந்தது. போனில் அறை பதியும்போதே 'இலை மாட்டச் சம்மதம்' என்று ஒரு கட்டம் வரும். முக்கால்வாசிப் பேர் அதில் டிக் அடித்துவிட்டுத்தான் வருவார்கள். வரவேற்பு மேசையில் இருக்கும் மூங்கில் பல் பிரஷ்ஷை எடுத்துப் பார்த்து, இந்தக் காலத்துக்கு இதுதான் வேண்டும் என்று மெச்சுவார்கள். மேலே போனதும் ஏசியைப் போட்டுவிட்டு பால்கனிக் கதவைத் திறந்துவைப்பார்கள், காற்று வேண்டுமாம். ஒரு குளியலுக்கு நாலு துண்டு. ஒரு பெண்மணி இலையைக் கதவில் மாட்டி, பக்கத்தில் தன் முகத்தையும் வைத்துப் போட்டோ எடுத்து, கையோடு கழற்றிக் கட்டிலில் வீசிவிட்டு, அறையை நன்றாகத் துடைத்துவை என்று சொல்லிவிட்டுப் போனாள். சில கதவுகளில் இலையும் தொங்கும், உள்ளேயிருந்து கீழே போனும் போகும்: இலை மாட்டியிருக்கிறோம், துண்டு மட்டும் புதுசாக அனுப்புங்கள். கிளம்பும்போது அவர்கள் எழுதிவிட்டுப் போகிற பாராட்டைப் படித்தால், மரத்தடியில் படுத்து எழுந்து போனவர்கள் மாதிரி இருக்கும். அவளுக்கு இதில் கோபமெல்லாம் கிடையாது. சொல்வது ஒன்று செய்வது ஒன்று என்பது எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான். அவளைக் கேட்டால், நாலைந்து நாள் உண்மையாகவே இலை மாட்டிவிட்டுக் கிளம்புகிறவர்களைக் கண்டால்தான் அவளுக்குப் பயம். அத்தனை நாள் அழுக்கையும் ஓர் அறைக்குத் தருகிற அதே நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். அன்றைக்கு அவள் முதுகு அவளிடம் இருக்காது.

கடைசி அறைக்காரரை அவள் மனதுக்குள் குடைக்காரர் என்று வைத்திருந்தாள். மழையோ வெயிலோ, வளைந்த பிடி வைத்த கறுப்புக் குடை இல்லாமல் அவர் வெளியே போனதில்லை. மனைவி இறந்த பிறகு வீட்டை விற்றுவிட்டு, வெளிநாட்டில் இருக்கும் ஒரே மகனிடம் போக விசாவுக்குக் காத்திருந்தார். அது இதோ வருகிறேன் என்று சொல்லிச் சொல்லி மாதக்கணக்கில் இழுத்தது. அறையைப் பதிந்ததும், வாராவாரம் போனிலேயே நீட்டித்ததும் மகன்தான். மலிவான ஓட்டல்கள் எத்தனையோ இருக்க, பசுமை என்ற ஒன்றுக்காகவே கூடக் கொடுத்து இதைப் பிடித்தவன். இலைக் கட்டத்திலும் முதல் நாளே டிக் அடித்துவிட்டான். அதனால் சூப்பர்வைசர் காலையில் தருகிற தாளில் கடைசி அறைக்கு நேரே எப்போதும் ஒரு பச்சைப் புள்ளி இருக்கும். அவர் வந்த மறுநாள், புள்ளியைப் பார்த்துவிட்டு அவள் தாண்டிப் போகப்போன நேரத்தில் கதவு திறந்தது. இலையைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் நின்றார்.

"இது எனக்கு வேணாம்மா. எனக்குச் சுகர். சில நேரம் திடீர்னு எறங்கிடும், கண்ணு இருட்டிக்கிட்டு வரும். தெனமும் ஒரு ஆள் வந்து கதவைத் தட்டணும், அதுக்குத்தான் வீடு பாக்காம ஓட்டல்ல இருக்கேன். நீ கூட்டக்கூட வேணாம், தட்டினா போதும்."

மகனிடம் மட்டும் யாரும் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவன் இதையெல்லாம் மனசார நம்புகிறவன், சின்ன வயதிலேயே குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டால் எழுந்து போய் மூடிவிட்டு வந்துதான் தூங்குவான், அவன் மனதை நோகடிப்பானேன் என்றார். அன்றிலிருந்து தாளில் புள்ளி இருந்தது, கதவில் இலை இருக்காது, அவள் தினமும் தட்டினாள். உள்ளேயிருந்து தினமும் ஒரே பதில்தான். "இருக்கேன்மா, இன்னும் இருக்கேன்." காலங்காத்தாலே இதென்ன பேச்சு என்று முதலில் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. போகப்போகச் சிரிப்பு வந்தது. பிறகு அந்தக் குரல் கேட்டால்தான் மாடியின் வேலை தொடங்கின மாதிரி இருந்தது. அவர் கட்டிலைத் தானே சரிசெய்து, துண்டைக் காயப்போட்டு, குப்பையைப் பையில் கட்டி வாசலருகே வைத்திருப்பார். இலை மாட்டுகிறவர்கள் எல்லோரையும்விட இலை மாட்டாத அந்த மனிதர் செலவழித்த தண்ணீர் குறைவு.

பசுமைச் சான்றிதழைப் புதுப்பிக்கிற காலம் வந்தது. சோதிக்க ஆட்கள் வருகிறார்கள், ஒவ்வொரு மாடியிலும் பாதிக் கதவுகளிலாவது இலை தொங்க வேண்டும், எந்த மாடியில் குறைகிறதோ அந்த மாடிக்காரி இனிமேல் கூப்பிட்டால் மட்டும் வந்தால் போதும் என்று சூப்பர்வைசர் சொன்னாள். சொன்னவளும் சின்னப் பெண்தான், மேலேயிருந்து ஊற்றியதைக் கீழே ஊற்றினாள். இலை கூடினால் வேலை குறைந்துவிட்டது என்று ஆளைக் குறைப்பார்கள். இலை குறைந்தாலும் ஆளைத்தான் குறைப்பார்கள். வேன் ஓட்டிக்கொண்டிருந்த கணவனுக்குப் பார்வை மங்கி லைசென்ஸ் போன பிறகு, அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. மகள் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு. கூப்பிட்டால் வா என்பதற்கு வராதே என்றுதான் அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். எனவே எல்லா மாடிக்காரிகளும் செய்ததை அவளும் செய்தாள். வண்டியில் உபரியாகக் கிடந்த இலைகளை எடுத்துத் தானே கதவுகளில் மாட்டினாள். யார் கதவில் மாட்டுவது என்பதில்தான் சாமர்த்தியம். கத்துகிறவர்கள் கதவில் முடியாது, தொட்டதற்கெல்லாம் கீழே போன் போடுகிறவர்கள் கதவில் முடியாது. எதையும் பொறுத்துப் போகிறவர்களாகப் பார்த்து மாட்ட வேண்டும். மூணாம் மாடியிலேயே நல்ல மனிதர் கடைசி அறைக்காரர்தான்.

முதல் நாள் மாட்டிவிட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் தட்டி அவரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். உன் வேலைக்கென்றால் தொங்கட்டும், தட்டுவதை மட்டும் விட்டுவிடாதே என்றார். சாயங்காலம் அவரே கழற்றி உள்ளே வைத்துக்கொண்டார். இரண்டாம் நாள் காலை அவள் வேறொரு இலையை மாட்டி முடிக்கவும் லிஃப்ட் திறக்கவும் சரியாக இருந்தது. சோதனைக்காரர்கள் சூப்பர்வைசரோடு வராந்தா முழுக்க நடந்து இலைகளை எண்ணினார்கள். இலைகளோடு சேர்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் முன்னால் தட்ட வழியில்லை. போன பிறகு தட்டியிருக்கலாம், மதியத்துக்கு முன்பே போய்விட்டார்கள். ஆனால் அவளுக்கு முதுகு விண்விண்ணென்று தெறித்தது. நல்லபடியாக முடிந்தது என்று மனது வேறு லேசாகிவிட்டது. ஓர் அறை குறைந்தால் முந்தின பஸ்ஸைப் பிடித்துவிடலாம். அவர் ஒரு நாள் பொறுத்துக்கொள்வார் என்று நினைத்தாள் என்று சொன்னால்கூட அது பொய். அவரைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை. மறுநாள் அவளுக்கு வார விடுப்பு. பதிலுக்கு வந்தவள் கதவில் இலையைப் பார்த்தாள், தாளில் புள்ளியைப் பார்த்தாள், வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

இப்போது லிஃப்ட்டையும் வண்டியையும் அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். தட்டினாள். இருக்கேன் என்ற குரலுக்காகக் காதைக் கதவில் வைத்தாள். ஏசி ஓடுகிற மாதிரி இருந்தது. மறுபடி தட்டினாள். பிறகு எல்லா அறைகளுக்குமான தன் கார்டைத் தேய்த்துக் கதவைத் தள்ளினாள், அது ஒரு சாண் திறந்து எதிலோ தட்டி நின்றது. குடை. குடைக்குப் பின்னால், குளியலறை வாசலில் அவர் குறுக்கே கிடந்தார். தொட்டுப் பார்க்கத் தேவையில்லை, வாடையே சொல்லிவிட்டது. ஆனால் விழுந்ததும் போன உயிர் இல்லை அது. துண்டை இழுத்து, மடித்து, தலைக்கு அணை வைத்திருந்தார். அணை வைத்துக்கொள்ளத் தெரிந்தவர் காத்திருந்திருக்கிறார். கதவின் உள்பக்கம், அடியில், குடையின் முனை எட்டுகிற உயரத்தில் வண்ணம் சின்னச் சின்னதாகப் பெயர்ந்திருந்தது. தரையில் அந்தத் துகள்கள் கிடந்தன. வராந்தாவில் நடந்து போகிறவர்களுக்கு ஒரு சத்தமும் கேட்காத கதவுகள் என்று ஓட்டல் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கதவு அது. தினமும் அவள் வெளியேயிருந்து தட்டிய கதவை அவர் உள்ளேயிருந்து தட்டியிருக்கிறார். அவள் வெளியே வந்தாள். கீழே போன் செய்வதற்கு முன்னால், யாரையும் கூப்பிடுவதற்கு முன்னால், அவள் கை கைப்பிடியிலிருந்து அந்த இரண்டு சுற்றையும் பிரித்து, இலையை ஏப்ரன் பைக்குள் செருகியது. அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

வந்து பார்த்த டாக்டர், சர்க்கரை இறங்கி விழுந்திருக்கிறார், விழுந்தும் ஒரு பகல் ஒரு ராத்திரியாவது இருந்திருப்பார், அன்றைக்கே யாராவது பார்த்திருந்தால் ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீரில் எழுந்து உட்கார்ந்திருப்பார் என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். போலீஸ் வந்து, இயற்கையான சாவு என்று எழுதிக்கொண்டு போனது. சூப்பர்வைசர் அவளை விரிப்புகள் அடுக்கும் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"நீங்க மாட்டினதையும் கேமராவுல பாத்தேன், கழட்டினதையும் பாத்தேன். அவங்க பையன் புக்கிங்ல டிக் போட்டிருக்காரு, நமக்கு அது போதும். கொஞ்ச நாள்ல பழைய பதிவு தானா அழிஞ்சிடும். அதுவரைக்கும் வாயத் தொறக்காதீங்கக்கா."

வீட்டில் கணவனிடம் சொன்னாள். அவன் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு மல்லாந்து படுத்திருந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அவர்கள் போட்ட டிக் அவர்களோடு போகட்டும், நமக்கு ஒரு பெண் இருக்கிறாள் என்றான். அவன்மேல் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அவன் அப்படிச் சொன்னதில் தனக்கு எவ்வளவு நிம்மதி என்று தெரிந்தபோது அந்த ஆத்திரம் தன்மேல் திரும்பியது. இலை இன்னமும் ஓட்டலில் கழற்றி வைத்துவிட்டு வந்த ஏப்ரனின் பையில்தான் இருந்தது. எங்கே போடுவது என்று தெரியவில்லை. ஓட்டலில் அட்டைக்கு ஒரு தொட்டி, பிளாஸ்டிக்குக்கு ஒரு தொட்டி, எச்சிலுக்கு ஒரு தொட்டி என்று எல்லாவற்றையும் பிரித்துப் பார்ப்பார்கள். வீட்டுக்குக் கொண்டுபோகவோ அவளுக்கு மனம் வரவில்லை.

மகன் வந்தான். தாடி சவரம் செய்யாத, முப்பத்தைந்து வயது சொல்லக்கூடிய ஆள். தோளில் துணிப்பை, கையில் ஒரு ஸ்டீல் பாட்டில். வரவேற்பில் அவன் முன் வைத்த பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீரை அந்த நிலைமையிலும் வேண்டாம் என்று தள்ளிவைத்தான். மேலாளர் அவனைத் தன் அறையில் உட்காரவைத்து, மெல்லிய குரலில், வருத்தத்தோடு, நீங்கள் தேர்ந்தெடுத்தபடிதான் சார் எங்கள் ஆட்கள் அவரைத் தொந்தரவு செய்யவில்லை என்று சொல்லி, பதிவைத் திருப்பிக் காட்டினார். அவருக்குப் பின்னால் புதிய சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கியது. அவன் வெகுநேரம் பதிவையே பார்த்துக்கொண்டிருந்தான் என்று காபி கொண்டுபோனவன் வந்து சொன்னான். இலையை உள்ளும் புறமும் ஒன்றாக நம்பின ஒரே ஒரு ஆளை அந்த ஓட்டல் அன்றைக்குத்தான் நேரில் பார்த்தது. அவன் சத்தம் போடவில்லை, வக்கீல் என்றெல்லாம் பேசவில்லை. இரண்டே விஷயம் கேட்டான். அப்பாவின் அறையைச் சுத்தம் செய்தவரைப் பார்க்க வேண்டும், அப்பா பெயரில் வைத்த செடியைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவதுதான் எல்லோரையும் கலக்கிவிட்டது. செடிகள் இருந்தது ஜெனரேட்டருக்குப் பின்னால். தொட்டிகள் வரிசையாக இருந்தன, பெயர் எழுதிய மரச்சில்லும் ஒவ்வொன்றிலும் இருந்தது, செடிதான் இல்லை. தண்ணீர் ஊற்றுவது யாருடைய வேலை என்று ஒருவரும் முடிவு செய்யவில்லை. போதாததற்கு, தண்ணீர்ச் சிக்கனம் என்று அந்தப் பக்கத்துக் குழாயை மூடிவிட்டார்கள். அவன் காபி குடிக்கிற நேரத்துக்குள் ஓடிப்போய் ஒரு செடி வாங்கி வந்து, ஒரு பழைய தொட்டியின் மண்ணைக் குத்திப் பார்த்து, அது கல்லாக இருக்கவே, நடுவில் ஒரு குழி மட்டும் தோண்டிச் செருகினார்கள். சில்லில் பெயரை சூப்பர்வைசர் எழுதினாள். மை காய வேண்டும் என்று மூணாம் மாடியிடம் ஊதச் சொன்னாள்.

அவனைக் கூட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக நடந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவள் இருந்தாள். வார்த்தைகளை ராத்திரியே அடுக்கிவைத்திருந்தாள். உங்கள் டிக்கை உங்கள் அப்பா ஒரு நாளும் சட்டை செய்யவில்லை, இலையை மாட்டியது நான், தட்டாமல் போனதும் நான். அவ்வளவுதான், மூன்றே வரி. திரும்பிப் பார்த்தாள், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தாள். அவன் செடியின் முன்னால் குந்தி உட்கார்ந்து, சில்லில் இருந்த பெயரை விரலால் தொட்டுப் பார்த்தான். விரலில் மை ஒட்டியது. அவன் அதைக் கவனித்தானா என்று தெரியவில்லை.

"அப்பா உங்ககிட்ட என்ன பேசுவாரு?" என்று கேட்டான்.

அவரைப் பற்றிக் கொடுப்பதற்கு அவளிடம் இருந்தது ஒரே ஒரு பேச்சுதான். இருக்கேன்மா, இன்னும் இருக்கேன். அதைச் சொன்னால் தினமும் தட்டியதைச் சொல்ல வேண்டும். தட்டியதைச் சொன்னால் தட்டாத நாளைச் சொல்ல வேண்டும். "நல்லாப் பேசுவாரு சார்" என்றாள். அது யாரைப் பற்றியும் யாரும் சொல்லக்கூடியது. அவன் அதையே ஏதோ கிடைத்துவிட்ட மாதிரி வாங்கிக்கொண்டு தலையாட்டினான். ஏப்ரன் பையில் அட்டையின் முனை அவள் தொடையைக் குத்தியது.

பிறகு அவளைப் பார்க்காமல், செடியிடம் கேட்கிற மாதிரி கேட்டான்.

"நான் ஒரு டிக் போட்டேன். அத மட்டும் போடாம இருந்திருந்தா, நீங்க தட்டியிருப்பீங்க, இல்ல?"

ஜெனரேட்டர் ஓடவில்லை. சுற்றிலும் ஒரு சத்தமும் இல்லை, கேட்கவில்லை என்று சொல்வதற்குக்கூட வழியில்லை. மகளின் முகம் வந்தது, அடுத்து அணையாக மடித்த துண்டு வந்தது, மறுபடி மகளின் முகம் வந்தது. அவள் உள்ளே வைத்திருந்த மூன்று வரிகளும் அங்கேயேதான் இருந்தன.

"தட்டியிருப்பேன் சார்."

அவன் அதற்கும் தலையாட்டினான். ஸ்டீல் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்து, செடியின் அடியில் மெதுவாக, ஒரு சொட்டும் சிந்திவிடாமல் ஊற்றினான். இறுகிப்போன மண் அதை உள்ளே வாங்கவில்லை. தண்ணீர் மேலோடு ஓடி, தொட்டியின் விளிம்பில் வழிந்து, தூசி படிந்த சிமெண்டுத் தரையில் ஒரு கோடாகக் கிளம்பி அவள் செருப்பைப் பார்த்து வந்தது. அவன் பாட்டிலைச் சாய்த்துக்கொண்டே இருந்தான். அவள் காலை எடுக்கவில்லை.